பங்காளியா, சம்பந்தியா: ஹிரோஷிமாவில் துட்டி கேட்ட கதை

1

சென்ற புதன்கிழமை மாலை என் மகள் உமாவின் பள்ளி ஆசிரியை எங்கள் வீட்டுக்கு வந்தார். ஜப்பானில் இது ஒரு வழக்கம். வருஷத்துக்கு ஒரு தடவை ஆசிரியை ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் வந்து, முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு கோப்பைத் தேநீர் குடித்துவிட்டு, பிள்ளையைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். இந்த அம்மாள் நல்ல வார்த்தை சொல்லவில்லை. கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேஜைமேல் விரித்தார்.

போன வருஷக் கோடை விடுமுறைக்கு உமா வரைந்து கொடுத்த படம் அது. பின்னால் வளைந்த ஒரு கல். முன்னால் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்து, தலையோடு தலை முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருத்திக்குச் சேலை, மற்றவளுக்குக் கிமோனோ. ஓரத்தில் குடையோடு ஓர் ஆண், என் அத்தான். இன்னும் ஓரத்தில், இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு ஒரு சொட்டைத் தலை. அது நான். படத்துக்கு அடியில் ஜப்பானிய எழுத்தில் தலைப்பு: 'என் அத்தையின் மல்யுத்தம்.'

"யாருக்காவது காயம் பட்டதா?" என்று ஆசிரியை மெதுவாகக் கேட்டார்.

"ஐயையோ, இல்லை. அது சண்டை இல்லை."

"அப்படியானால் இந்தக் கிமோனோ கட்டிய அம்மாள் உங்கள் உறவா?"

 சர்க்காருக்கு எழுதிக் கொடுத்ததையே இவரிடமும் சொல்லிவிடுவோம் என்று, "சம்பந்தி முறை" என்றேன். சம்பந்தி என்பதற்கு ஜப்பானிய மொழியில் சரியான வார்த்தை எனக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் விளக்கினேன். ஆசிரியையின் தேநீர் ஆறிப் போனது. எழுந்து போகும்போது அவர் உமாவின் தலையைத் தடவிய விதத்தைப் பார்த்தால், இந்த வீட்டில் பிறந்தது பிள்ளையின் குற்றமில்லை என்று நினைத்தார் போலிருக்கிறது.

அருப்புக்கோட்டையில் நெசவாளர் தெருவில் பிறந்தவன் நான். பதின்மூன்று வருஷமாகக் கோபே நகரத்தில், நூலும் துணியும் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் கடிதம் எழுதிப் பிழைக்கிறேன். ஜப்பானிய மொழியில் ஆயிரக்கணக்கான கடிதங்கள் எழுதியவனுக்குத் 'துட்டி' என்ற ஒரு சொல்லை விளக்க வாய் வரவில்லை. அவருக்குப் புரிய வைக்க முடியாததை, ஊரில் இருக்கும் உங்களிடமாவது சொல்லி ஆற்றிக்கொள்கிறேன்.

2

மற்ற ஜில்லாக்காரர்களுக்காகச் சொல்கிறேன். சாவு வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிப்பதை எங்கள் பக்கத்தில் துட்டி கேட்பது என்போம். அதற்கு முறை உண்டு. பூ வைக்கக் கூடாது. பழம், பலகாரம் எதுவும் கொண்டுபோகக் கூடாது. பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு, தலையோடு தலை சேர்த்து அழுவார்கள். ஆண்கள் இரண்டு கையையும் நீட்ட, இழவு வீட்டுக்காரர் அந்தக் கையைத் தொட்டு விடுவார். கிளம்பும்போது "போயிட்டு வாரேன்" என்று சொல்லக் கூடாது. பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். வந்ததும் குளிக்க வேண்டும்.

இந்தக் கடைசி விதியில்தான் எங்கள் ஊரில் சிக்கல். தலைக்குக் குளிக்கத் தண்ணீருக்கு எங்கே போவது? பஞ்ச காலத்தில் பத்து வீட்டுத் துட்டியைச் சேர்த்து வைத்து, ஒரே நாளில் கேட்டுவிட்டு வந்து ஒரே குளியலாகக் குளித்த புண்ணியவான்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் கேட்காமல் இருக்க மாட்டார்கள். திருச்சுழியில் எங்களுக்குத் தெரிந்த அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரு துட்டியைக் கேட்கவில்லை என்பதற்காக நடுச்சுவர் எழுப்பி, ஒரே கிணற்றில் இரண்டு உருளை போட்டுத் தண்ணீர் இறைத்தார்கள்.

இவ்வளவும் தெரிந்த நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் என் அம்மா இறந்தபோது நான் கோபேயில் இருந்தேன். தந்தி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கப்பலில் போனால் மூன்று வாரம். கம்பெனியிலும் விடவில்லை. நானும் முட்டி மோதிக் கேட்கவில்லை. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மறு வருஷம் கம்பெனி வேலையாகச் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து விருதுநகர் வரை ரயிலில் வந்து, ஒரு டாக்ஸி வைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். காலில் பூட்ஸ், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, கையில் இனிப்புப் பெட்டி, சுவர்க் கடிகாரம், அக்காவுக்கு நைலான் சேலை. வருஷம் ஒன்று ஓடிவிட்டதே, துக்கமெல்லாம் முடிந்திருக்கும் என்று நினைத்தேன். மடத்தனம்தான்.

அக்கா சௌடம்மாள் வாசலில் நின்றிருந்தாள். எனக்கு அவள் ஆறு வயது மூத்தவள். என்னை இடுப்பில் தூக்கித் தூக்கியே அவளுக்கு ஒரு பக்கம் சாய்ந்த நடை. தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் அவளோடு நின்றார்கள். அத்தனை பேரும் என்னைக் கட்டிக்கொண்டு அழுவதற்குத் தயாராக முந்தானையை இழுத்துச் செருகியிருந்தார்கள். நான் டாக்ஸியிலிருந்து இறங்கி, பல்லெல்லாம் தெரிய, "என்னக்கா, சௌக்கியமா?" என்று கேட்டேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். இனிப்புப் பெட்டியைப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் அத்தான்தான் பதில் எழுதினார். எல்லாக் கடிதத்திலும் கடைசி வரி ஒன்றே: 'உன் அக்கா சுகம். இன்னும் பேசவில்லை.'

3

போன வருஷம் ஒசாகாவில் ஒரு பெரிய பொருட்காட்சி நடந்தது. நம் நாட்டுக் கைத்தறியை ஜப்பான்காரர்களுக்கு நெய்து காட்ட என்று நாலைந்து நெசவாளர்களைச் சர்க்கார் அனுப்பியது. அதில் ஒருவர் என் அத்தான். அவருக்குத் தறிநூலைத் தாராகச் சுற்றிக் கொடுக்க அக்காவும் வந்தாள். ஒசாகா எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் அரை மணி தூரம்.

ஆறு வருஷம் கழித்து அக்கா கடல் தாண்டி வருகிறாள். பேசிவிடுவாள் என்று நம்பினேன். இந்தத் தடவையும் பேசாமல் போய்விட்டால், பிறகு எந்தக் காலத்தில் பார்ப்பது? எனக்கு இருக்கிறது அந்த ஓர் உறவுதான். விமான நிலையத்தில் அவள் உமாவைத் தூக்கிக் கொஞ்சினாள். என் மனைவி காமாட்சியைக் கட்டிக்கொண்டாள். என்னைக் கடந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நாங்கள் வீட்டில் கன்னடம் பேசுகிற குடும்பம். சண்டையும் ஒப்பாரியும் மட்டும் தமிழில். ஆகவே நான் இருக்கும்போது அக்கா தமிழில் பேசினாள். அதுவும் என்னிடம் இல்லை. அத்தானிடம் பேசினாள். அத்தான் இல்லாவிட்டால் குளிர்பெட்டியிடம் பேசினாள்.

"இந்தப் பொட்டியில இருக்குற தண்ணியக் குடிச்சா சளி பிடிக்கும். சொட்டத் தலையா இருந்தா இன்னும் சீக்கிரம் பிடிக்கும்" என்பாள் குளிர்பெட்டியைப் பார்த்து. நான் டம்ளரைக் கீழே வைப்பேன். உமாவுக்கு அத்தையை மிகவும் பிடித்துவிட்டது. அவளும் தனக்கு வேண்டியதையெல்லாம் குளிர்பெட்டியிடம் கேட்க ஆரம்பித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். பொருட்காட்சியில் மொழிபெயர்க்கிற பெண் யாரோ ஹிரோஷிமாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள்.

"ஏங்க, காலையில எந்திரிச்சு வேலைக்குப் போன சனம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக, அம்புட்டுப் பேரும் ஒரே குண்டுல போயிட்டாகளாமே? உங்க மச்சினன் இங்க பன்னெண்டு வருசமா சோறு திங்கிறானே, ஒருநா போயித் துட்டி கேட்டானான்னு கேளுங்க."

அத்தான் என்னைப் பார்த்து, "கேட்டீகளா மாப்ள?" என்றார்.

"அத்தான், அது நடந்து இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு."

"வருசம் ஆயிட்டா துட்டி இல்லேன்னு ஆயிருமாக்கும்?" என்று அக்கா குளிர்பெட்டியிடம் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. "நாம வந்ததே தெரியாம இருந்தாச் சரி. வந்திட்டு, கேக்காமப் போனா, நாளைக்கு நாக்கு மேல பல்லப் போட்டுப் பேசுவாக."

"யாரு பேசப் போறா? அருப்புக்கோட்டையிலயா?"

"நாலு பேரு பேசாட்டி நாம செய்ய மாட்டமான்னு கேளுங்க."

அத்தான் கேட்கவில்லை. என்னைக் காலண்டரை எடுத்து வரச் சொன்னார்.

4

பொருட்காட்சியில் ஒரு நாள் விடுப்பு வேண்டும். நம் ஆட்கள் எங்கே போனாலும் படிவம் முன்னாடியே போய்க் காத்திருக்குமே. அங்கிருந்த நம் நாட்டு அதிகாரி ஓர் இங்கிலீஷ் படிவம் கொடுத்தார். நான்தான் நிரப்பினேன். விடுப்புக் காரணம்: துக்க விசாரணை. இறந்தவர் பெயர்? 'பலர்' என்று எழுதினேன். அடுத்த கட்டம்: இறந்தவருக்கும் விண்ணப்பதாரருக்கும் என்ன உறவு?

"'ஒன்றுமில்லை'ன்னு எழுதட்டுமா?" என்றேன்.

"ஒன்னுமில்லேன்னா எதுக்குத் துட்டிக்குப் போறோம்?" என்றாள் அக்கா, சுவரைப் பார்த்து.

அத்தான் தொண்டையைச் செருமினார். முறை பார்க்கிற விஷயத்தில் அவர் பெரிய கை. "மாப்ள, பங்காளின்னு எழுதினா நமக்குத் தீட்டு உண்டு. நா தறியில உக்கார முடியாது. பொருட்காட்சி நின்னு போகும். சம்பந்தின்னு எழுதினா தீட்டு இல்ல. ஆனா கோடித்துணி கொண்டு போகணும்."

"எப்படி அத்தான் சம்பந்தி ஆவோம்?"

அவர் யோசித்தார். பதில் அக்காவிடமிருந்து வந்தது. "உமா இங்கதான பொறந்திருக்கா. இந்த ஊருப் பேச்சுத்தான பேசுறா. நாளைக்கு எவனக் கூட்டிட்டு வந்து நிப்பாளோ, யாரு கண்டா? சம்பந்தின்னே போடச் சொல்லுங்க."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.  உமா அந்த நேரம் பக்கத்து அறையில், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு ஜப்பானியப் பாட்டு ஒன்றைப் பாடிக் குதித்துக்கொண்டிருந்தாள். நான் பேனாவை எடுத்துச் 'சம்பந்தி, வருங்காலத்தில்' என்று எழுதினேன். அதிகாரி வாசித்துப் பார்த்துவிட்டு விடுப்புக் கொடுத்தார். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: 'திரும்பியதும் இறப்புக்கான அத்தாட்சி இணைக்கவும்.'

அத்தான் பொருட்காட்சித் தறியிலேயே ஐந்து முழம் வெள்ளைத் துணி நெய்தார். சுற்றி நின்ற ஜப்பான்காரர்கள் கை தட்டினார்கள். இது உங்களுக்குத்தான் என்று யாரிடமும் அவர் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது காலில் ஊற்றிக்கொள்ள வீட்டு வாசலில் ஒரு வாளித் தண்ணீர் வைக்கும்படி அக்கா காமாட்சியிடம் சொன்னாள். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. அன்றைக்கு அந்த வாளியைப் பற்றிக் குடியிருப்புச் சங்கத்திலிருந்து வந்த கடிதங்களை நான் இன்னும் வைத்திருக்கிறேன். தண்ணீர் இரண்டாவது மாடியில் ஒரு பல் வைத்தியரின் செருப்புக்குள் போய்விட்டதாம்.

5

நான், அத்தான், அக்கா, உமா நாலு பேரும் விடியற்காலை ரயிலேறினோம். ரயிலில் ஐந்து மணி நேரம். உமாவின் தலையிலிருந்த ரிப்பனை அக்கா அவிழ்த்துவிட்டாள். நான் வாங்கிய சாப்பாட்டுப் பெட்டிகளைப் பார்த்து, ஜன்னலிடம், "துட்டிக்குப் போறவுக தின்னுக்கிட்டுப் போவாகளா?" என்றாள். அத்தான் தன் பெட்டியை ஏக்கத்தோடு மூடினார்.

ஹிரோஷிமாவில் நினைவுப் பூங்காவுக்கு நடந்து போனோம். காட்சிசாலை இருந்தது. உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"எழவு வீட்டுக்கு வந்து சாமானப் பாத்துக்கிட்டுத் திரிவாகளா?" அக்கா நிற்காமல் நடந்தாள்.

வில் மாதிரி வளைந்த பெரிய கல் மண்டபம். அதற்கு அடியில் ஒரு கல் பெட்டி. இறந்தவர்களின் பெயர்ப் பட்டியலெல்லாம் அதற்குள் இருக்கிறது. ஜப்பான்காரர்கள் வரிசையாக வந்தார்கள், குனிந்தார்கள், ஒரு சத்தமில்லாமல் நகர்ந்தார்கள். அக்கா சுற்று முற்றும் பார்த்தாள்.

"வீட்டுக்காரவுக யாரு? யாருகிட்டக் கேக்குறது?"

"இந்தக் கல்லுகிட்டத்தான் எல்லாரும் கும்பிட்டுட்டுப் போறாக, புள்ள" என்றார் அத்தான்.

"கல்லுகிட்டயா துட்டி கேப்பாக? கூறு இருக்கா உங்களுக்கு?"

எங்கள் முறை வந்தது. அக்கா குனியவும் இல்லை, நகரவும் இல்லை. பின்னால் ஒரு பள்ளிக்கூடமே நின்றது. காவலர் ஒருவர் வெள்ளைக் கையுறையைச் சரிசெய்துகொண்டே எங்களைப் பார்த்தார். நான் வியர்த்து வழிந்தேன். அப்போது பக்கத்தில் சாம்பல் நிறக் கிமோனோ அணிந்த ஒரு முதிய அம்மாள், ஒரு பாட்டிலைத் திறந்து, கல்லின் முன்னால் தரையில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினார்.

"எதுக்குத் தண்ணி ஊத்துறாக?" என்று அக்கா அத்தானிடம் கேட்டாள்.

நான் அந்த அம்மாளிடம் கேட்டேன். அவர் மெல்லிய குரலில் சொன்னார். நான் தமிழில் சொன்னேன்: "இவங்க பொண்ணு. பதினஞ்சு வயசாம். சாகும்போது தண்ணி கேட்டுச்சாம். குடுத்தாச் செத்துரும்னு யாரோ சொன்னாங்கன்னு இவங்க குடுக்கலையாம். அதான், ஒவ்வொரு மாசமும் வந்து ஊத்துறாங்க."

அக்கா பையைக் கீழே போட்டாள். இரண்டே எட்டு. அந்த அம்மாளின் தோளை வளைத்துப் பிடித்து, நெற்றியோடு நெற்றியை முட்டி, "தண்ணி தண்ணின்னு தவிச்சியே, என் தங்கமே, தொண்டை காஞ்சு போனியே" என்று எடுத்தாள் பாருங்கள் ஒப்பாரி! பூங்காவிலிருந்த புறாக்கள் மொத்தமும் எழும்பிப் பறந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசை கலைந்தது. காவலர் விசிலை வாயில் வைத்தவர் ஊதவும் முடியாமல், எடுக்கவும் முடியாமல் நின்றார். அந்த அம்மாளின் இரண்டு கையும் காற்றில் விறைத்து நின்றன. உமா பார்த்தது அதைத்தான். நான் தலையில் கையை வைத்துக்கொண்டதும் அப்போதுதான்.

ஓடிப் போய் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். வீடு, சாவு, அழுகை இதற்கெல்லாம் உண்டான ஜப்பானிய வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. பன்னிரண்டு வருஷமாக எந்த வாக்கியத்தைச் சரக்குக் கப்பல் பிந்தும்போதெல்லாம் எழுதினேனோ, அது வந்தது: "எங்கள் பக்கத்தில் ஏற்பட்ட காலதாமதத்துக்கு மிகவும் வருந்துகிறோம். தயவுசெய்து மன்னிக்கவும்."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். விறைத்திருந்த கை மெதுவாக இறங்கி அக்காவின் முதுகில் பட்டது. பிறகு அவரும் அழுதார். சத்தமே இல்லாமல், தோள் மட்டும் குலுங்க. அத்தான் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஐந்து முழத் துணியை எடுத்துக் கொடுக்க, அக்கா அதை அவர் தோளில் போட்டாள். அவர் அதை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "இவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறீர்களே" என்று குனிந்தார். காவலர் விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

நாங்கள் ஒதுங்கி ஒரு மரத்தடிக்கு வந்தோம். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

"அவுககிட்ட என்னலே சொன்ன?"

அத்தானிடம் இல்லை, மரத்திடம் இல்லை. என்னிடம்.

"நாள் கழிச்சு வந்ததுக்கு மன்னிக்கணும்னு சொன்னேன்க்கா."

"அவுக ஒனக்கு யாரு? அவுககிட்டச் சொல்ல வருது. என்கிட்டச் சொல்ல மட்டும் வாயில கொழுக்கட்டையா?"

நான் பூட்ஸைக் கழற்றினேன். எதற்குக் கழற்றினேன் என்று தெரியவில்லை. இரண்டு கையையும் நீட்டினேன். அது ஆண்கள் ஆண்களிடம் நீட்டுகிற முறை, அக்காவிடம் நீட்டலாமா என்பதும் எனக்குத் தெரியாது. "அம்மா போயிட்டாளாமேக்கா" என்றேன். 

அக்கா கையைத் தொடவில்லை. கோபம் இறங்கிய அவள் முகத்தில் பயம் தெரிந்தது.

"கேக்காதடா. கேட்டா நா சொல்லியாகணும்."

எங்கள் பக்கத்து முறை அது. துட்டி கேட்டு வந்தவரிடம், உயிர் எப்படிப் போனது என்பதை ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். மறைக்கக் கூடாது.

"சொல்லுக்கா. கேக்குறேன்."

"ரெண்டு நாளா நெனவில்லாமக் கெடந்தா. மூணாம் நாளு பொழுது சாய முழிச்சா. ஒம் பேரத்தான் சொல்லப் போறான்னு நாங்க எல்லாரும் குனிஞ்சு காதக் குடுத்தோம். 'கோழி கூண்டுல அடைஞ்சிருச்சாடி'ன்னு கேட்டா."

"கோழியையா கேட்டா?" என்றேன்.

"மூணு தரம் அதையே கேட்டா. அடைஞ்சிருச்சும்மான்னேன். ராமு கப்பல்ல வந்துக்கிட்டு இருக்கான்மான்னு ஒம் பேர நானே எடுத்துக் குடுத்துப் பாத்தேன். 'செவலைக் கோழியா'ன்னு கேட்டா. அப்பறம் போயிட்டா. ஒன்னையக் கேக்கவே இல்லடா."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ அன்னிக்குப் பல்ல இளிச்சுக்கிட்டு வந்து நின்னப்ப எனக்கு எரிஞ்சுச்சு. ஆனா, அப்பாடா, இவன் கேக்கலன்னும் இருந்துச்சு. பேசிட்டா என்னைக்காவது வாயி தவறி வந்திரும். அதான் பேச்சையே விட்டுட்டேன்."

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண் நிறைந்து, கடைசியில் அந்த மரத்தடியில் அக்காவின் தோளில் தலையை முட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்க்கப் பார்க்க, நான் ஓவென்று அழுதேன். அம்மா கடைசியில் என்னை நினைக்கவில்லை என்பது வலித்தது. இன்றைக்கும் வலிக்கிறது. ஆனாலும் நான் அழுதது அதற்காக இல்லை. அந்த ஒரு கோழி என் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று, என்னை இடுப்பில் சுமந்தவள் இத்தனை வருஷம் என்னோடு பேசாமலே இருந்திருக்கிறாளே, அதற்காக அழுதேன்.